கையை ஒடித்தவரே மொழிபெயர்த்தார்

என் கணவர் என் வலது கையை ஒடித்த அன்று, அது எப்படி ஒடிந்தது என்று டாக்டருக்குச் சொன்னவரும் அவர்தான்.

எனக்கு அப்போது மலையாளம் வராது. சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து கல்யாணமாகி மட்டாஞ்சேரிக்கு வந்து பன்னிரண்டு வருடம் ஆகியிருந்தது. ஆனால் வீடு, கொச்சங்காடியில் சுக்கு தரம் பிரிக்கும் கிடங்கு, நம் சபை, இந்த மூன்றிலும் தமிழே போதும். டைல்ஸ் வேலைக்குப் போகும் என் கணவருக்கோ மலையாளம் தண்ணீர் பட்ட பாடு. டாக்டர் என்னைப் பார்த்துத்தான் கேட்டார். என் கணவர் பதில் சொன்னார்.

"பாத்ரூமில் வழுக்கி வீணதா சாரே."

அதையே சீட்டில் எழுதினார்கள். நான் இல்லையென்று தலையை ஆட்டினேன். வலியில் ஆட்டுகிறேன் என்று நினைத்து ஊசி போட்டார்கள்.

சகோதர சகோதரிகளே, அதைக்கூட மறந்துவிடுவேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நம் ஆராதனையில் நடந்ததை மறக்க மாட்டேன். என் கணவர் எழுந்து நின்று சாட்சி சொன்னார். மனைவி வழுக்கி விழுந்தாளாம், தலையில் அடிபடாமல் கர்த்தர் காத்தாராம். நீங்கள் எல்லோரும் அல்லேலூயா சொல்லிக் கைதட்டினீர்கள். நானும் தட்ட வேண்டுமென்று பக்கத்தில் இருந்த அக்கா என்னை இடித்தார். கட்டுப் போட்ட கையை வைத்துக்கொண்டு எப்படித் தட்டுவது?

அந்த வாரமே போதகரின் மனைவியிடம் உண்மையைச் சொன்னேன். சாயா ஊற்றிக் கொடுத்துக்கொண்டே, "பொறுத்துப் போ செல்வி. அவரு திருந்துவாரு. ஜெபத்துல விட்டுரு" என்றார். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் என் பெயரைக் 'குடும்ப சமாதானம்' என்ற தலைப்பில் வாசித்தார்கள். அடித்தவர் பெயர் எந்தத் தலைப்பிலும் இல்லை.

போலீஸ் ஸ்டேஷனுக்கும் ஒரு முறை போனேன். அங்கே நான் பேசியது யாருக்கும் புரியவில்லை. கூட வந்த என் மகளுக்குப் பதினொரு வயது, மலையாளப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள். அவளைப் பார்த்து, "மோளு பற" என்றார்கள். அப்பா அம்மாவை என்ன செய்தார் என்று பிள்ளை சொல்ல வேண்டுமாம். நான் அவளை இழுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு என் கணவர் திருந்த வேண்டும் என்று ஜெபிப்பதை நிறுத்தினேன். கிடங்கில் சுக்கைப் புடைத்துக்கொண்டே வேறு ஜெபம் செய்தேன். "ஆண்டவரே, நடந்ததை என் வாயால் சொல்ல ஓர் இடம் கொடும்." வேறெதுவும் கேட்கவில்லை.

போன வருடம் மழை ஆரம்பித்த சமயம், மூன்றாவது முறையாக ஆஸ்பத்திரிக்குப் போனேன். இந்தத் தடவை தோள்பட்டை. வழக்கம்போல் என் கணவர் பேச ஆரம்பித்தார். லதா என்ற சிஸ்டர் பழைய சீட்டுகளைப் புரட்டிவிட்டு அவரைத் தடுத்தார்.

"சேட்டன் புறத்து நில்லு. பேஷன்ட் மாத்ரம் மதி."

அவரை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்திய பிறகு, அந்த லதா சிஸ்டர் என்னிடம் தமிழில் பேசினார். அவருக்குச் சொந்த ஊர் பாலக்காட்டுப் பக்கம் சித்தூர்.

"ஒரு வருசத்துல மூணு தடவ வழுக்கி விழுந்திருக்கீங்க. அது எந்த பாத்ரூம் அக்கா?"

நான் அழுதேன். பிறகு சொன்னேன்.

அன்றைக்கே என்னை அதே ஆஸ்பத்திரியில் பெண்களுக்கான உதவி அறைக்குக் கூட்டிப் போனார். டாக்டர், ஒரு பெண் போலீஸ், ஒரு பெண் வக்கீல், ஆலோசனை சொல்லும் ஒரு மேடம், நாலு பேரும் வந்து ஒரே மேஜையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். அங்கே இரண்டு கட்டுப்பாடு. கூட வந்த சொந்தக்காரர் யாரும் மொழிபெயர்க்கக் கூடாது. அடிபட்டவள் ஒரு முறைதான் சொல்வாள், மற்றவர்கள் அதிலிருந்து அவரவர் காகிதத்தை எழுதிக்கொள்ள வேண்டும். "ஒரு தடவ சொன்னா போதும் அக்கா. ஆளாளுக்குத் திரும்பக் கேக்க மாட்டாங்க" என்றார் லதா சிஸ்டர்.

பன்னிரண்டு வருடத்தையும் தமிழில் சொன்னேன், லதா சிஸ்டர் அதை மலையாளத்தில் சொன்னார். அவர் அடிப்பதற்கு முன்னால் நீ என்ன பேசினாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. முடித்ததும் டாக்டர் பழைய சீட்டு ஒன்றை எடுத்து என் முன்னால் வைத்தார். கை ஒடிந்த அன்று அதை எழுதியவர் அவர்தானாம். "என்டெ தெற்றா. க்ஷமிக்கணும்" என்றார். தன் தவறு என்று ஒரு டாக்டர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். நம் சபையில் இன்றுவரை ஒருவரும் கேட்கவில்லை.

டாக்டர் எழுதிய காயச் சான்றை வைத்து வக்கீல் மனு போட்டார். வீட்டுக்கோ கிடங்குக்கோ மகளின் பள்ளிக்கோ என் கணவர் வரக் கூடாது என்று கோர்ட் உத்தரவு போட்டது. ஒருநாள் மீறி வந்து தெருமுனையில் நின்றார். போன் செய்தேன். அந்தப் பெண் போலீஸ் உடனே வந்து அழைத்துப் போனார். வழக்கு இன்னும் நடக்கிறது. என் மகள் இப்போது கதவு தட்டும் சத்தத்துக்குப் பயப்படுவதில்லை.

என்னைக் 'குடும்பத்தைக் கோர்ட்டுக்கு இழுத்தவள்' என்று நம்மில் சிலர் பேசுவது காதில் விழுகிறது. பேசுங்கள். அந்த மேஜையைச் சுற்றி இருந்தவர்களில் நம் சபையார் ஒருவர்கூட இல்லை. ஆனால் அவர்களை அனுப்பியவர் நம் ஆண்டவர். அதில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை. அவருக்கு என் ஆயுள் முழுக்க நன்றி சொன்னாலும் தீராது.

இப்போது மலையாளம் பேசுகிறேன். திக்கித் திக்கித்தான், ஆனால் பேசுகிறேன். கிடங்கு விடுமுறை நாளில் அந்த உதவி அறைக்குப் போய், மொழி தெரியாமல் வரும் தமிழ்ப் பெண்களுக்கு உதவுகிறேன்.

கடைசியாக, இதை வாசிக்கிற ஒரு சகோதரிக்கு மட்டும் சொல்கிறேன். இந்தப் புழுக்கத்திலும் நீங்கள் ஏன் முழுக்கை ரவிக்கை போடுகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். ஜெபத்தை விடாதீர்கள், அவர் கேட்கிறார். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் செருப்பு விடும் இடத்தில் நிற்பேன். உதவி அறைக்கு ஆட்டோவில் சேர்ந்தே போவோம். நீங்கள் தமிழில் சொல்லுங்கள். ஒரு வார்த்தை கூட்டாமல், ஒரு வார்த்தை குறைக்காமல், நான் அங்கே சொல்கிறேன்.