நாங்கள் கட்டிய கார்

என் கணவர் அந்தக் காரை வாங்கிக்கொண்டு வந்த நாளில் அது காராகவே இருக்கவில்லை. அவரும் அவருடைய அண்ணனும் ஜெர்மனியில், கெல்சென்கிர்ச்சனில் எங்கள் வீட்டுக்குப் பின்னாலுள்ள கராஜுக்கு அதை இரண்டு தடவையாகக் கொண்டுவந்து இறக்கினார்கள். பழைய ஃபோக்ஸ்வாகன் கேஃபர் கார் ஒன்றின் அடிச்சட்டம், அதன்மேல் பொருத்துகிற பைபர் கிளாஸ் உடல், பிறகு அட்டைப்பெட்டிகள். பெட்டிகளுக்குள் ஆணியும் நட்டும் விளக்குமாகக் கலந்து கிடந்தன. எழுபதுகளில் இங்கே இப்படி ஒரு பைத்தியம் இருந்ததாம். உடலையும் உதிரிகளையும் பெட்டியில் வாங்கி, பழைய காரின் சட்டத்தில் வீட்டிலேயே பூட்டி, பந்தயக் கார் போல ஒன்றை ஆக்கிக்கொள்வார்களாம். இதைக் கட்டிய ஜெர்மன்காரர் பல வருடம் இதை ஓட்டியிருக்கிறார். பிறகு புதுப்பிக்கவென்று கழற்றிப்போட்டவர், பூட்டாமலே இறந்துபோனார்.

"உங்களுக்கு விசரோ?" என்று கேட்டேன்.

"இஞ்சாரும், இது ரெண்டு பேருக்கான கார். உமக்கும் எனக்கும் அளவு," என்றார் அவர்.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அதற்காக ஓடிய ஓட்டத்தையும் டொக்டர்களிடம் எடுத்த டெர்மின்களையும் விட்டுவிட்டு ஒரு வருடம் ஆகியிருந்தது. வீட்டில் பேசுவதற்கு எதுவும் இல்லாமல் இருந்த காலம். அவருடைய முகத்தில் ஒரு சந்தோசத்தைக் கண்டதே போதும் என்றிருந்தது எனக்கு. சரி என்றேன்.

அவர் ஒரு களஞ்சியத்தில் ஃபோர்க்லிப்ட் ஓட்டுகிறவர். நான் லிப்டுகளுக்கான வயர்க் கட்டுகள் செய்யும் சிறிய தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்கிறேன். ஒரு பலகையில் ஆணிகளை அடித்து, அவற்றின் வழியே வயர்களை இழுத்து, நிறம் பார்த்து, நுனிகளை நெரித்து, கட்டாகக் கட்டி அனுப்புவோம். நாள் முழுக்க நின்றபடி செய்கிற வேலை. அதை ஒரு திறமை என்று அதுவரை நானும் நினைத்ததில்லை, வேறு யாரும் எனக்குச் சொன்னதுமில்லை.

முதல் சில மாதம் என் பங்கு வாசிப்பதுதான். காருடன் வந்த கையேடு தட்டச்சில் அடித்த ஜெர்மன் தாள்கள். இடையிடையே பக்கங்களைக் காணவில்லை. அவருக்கு ஜெர்மன் பேச வரும், வாசிக்கப் பொறுமை வராது. நான் ஒரு பழைய கதிரையில் இருந்துகொண்டு வாசித்துச் சொல்வேன், அவர் பூட்டுவார். பிறகு ஆணிகளையும் நட்டுகளையும் மாஜரீன் டப்பாக்களில் பிரித்துப் பெயர் எழுதி ஒட்டினேன். அதன் பிறகு உடலைத் தேய்க்கும் வேலை வந்தது. பைபர் கிளாஸ் எங்கும் மயிரிழை வெடிப்புகள். ஒவ்வொன்றையும் கீறித் திறந்து, நார்த்துணி வைத்து, பசை பூசி, காயவிட்டு, தேய்த்து, மறுபடி பூசித் தேய்க்க வேண்டும். அவர் இரண்டு சனிக்கிழமை தேய்த்தார். "தோள் ஏலாது," என்றார். மிச்சத்தை நான் செய்தேன். மிச்சம் என்றால் இரண்டு வருடம்.

அந்தத் தூசி தோலுக்குள் போனால் வெந்நீர் கூடாது. பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டு, சொறிந்துகொண்டே சமைப்பேன். என் கைகளின் பின்புறத்தில் இன்றும் சொரசொரப்பான இடங்கள் உண்டு.

அவர் ஒன்றும் செய்யவில்லை என்று சொன்னால் அது பொய். எஞ்சினை அவர்தான் பிரித்துச் சேர்த்தார். பிரேக் முழுவதும் அவருடைய வேலை. துருப்பிடித்த சட்டத்தை வெட்டி ஒட்டுவதற்கு அண்ணனைப் பிடித்துவந்து, இருவருமாக ஒரு மாரிகாலம் முழுக்கக் குளிரில் நின்றார்கள். அந்த நாட்களில் அவர் 'நாங்கள்' என்றுதான் பேசுவார். "நாங்கள் காருக்குக் கதவு பூட்டிப்போட்டம்." "நாங்கள் இந்த வருசம் பெயின்ட் அடிச்சிடுவம்." அந்தச் சொல்லைக் கேட்பதற்காகவே நான் கராஜுக்குள் போயிருக்கிறேன்.

வயரிங்தான் கடைசியில் எங்களைத் தடுத்து நிறுத்தியது. பழைய வயர்க் கட்டை எலிகள் தின்றிருந்தன. புதிதாக ஒன்றை வாங்கலாம் என்றால் அந்த உடலுக்குச் செய்தது எங்கும் கிடைக்கவில்லை. அவர் ஒரு வாரம் தாள்களைப் பார்த்துவிட்டு, "இது எனக்கு விளங்காது. விப்பம்," என்றார்.

"வில்லாதேங்கோ. நான் கட்டிப் பாக்கிறன்."

"நீரோ?"

"ஒவ்வொரு நாளும் என்ன செய்யிறன் எண்டு நினைக்கிறியள் அங்கை?"

சாப்பாட்டு மேசையில் ஒரு பலகையைப் போட்டு ஆணி அடித்தேன். சாதாரணக் காரில் உடல் இரும்பு என்பதால் மின்சாரம் உடல் வழியாகவே பற்றரிக்குத் திரும்பிவிடும். இது பிளாஸ்டிக். ஒவ்வொரு விளக்குக்கும், ஒவ்வொரு ஹோர்னுக்கும் திரும்பிவரத் தனி வயர் வேண்டும். முதலில் கட்டிய ஜெர்மன்காரர் அதைப் பாதிதான் செய்திருந்தார். நான் எல்லாவற்றையும் வரைந்து, நிறம் பிரித்து, பின்பக்க வயர்களை ஓர் இடத்திலும் முன்பக்க வயர்களை இன்னோர் இடத்திலும் சேர்த்து, தடித்த வயரால் சட்டத்தில் இறுக்கினேன். எட்டு மாதம் எடுத்தது. அந்த எட்டு மாதமும் நாங்கள் தட்டை மடியில் வைத்துத்தான் சாப்பிட்டோம்.

பற்றரியைப் பூட்டிய நாள் மழை. நான் ஸ்விட்சைத் தட்டினேன். நாலு மூலையிலும் மஞ்சள் விளக்கு மினுங்கியது. அவர் காரைச் சுற்றி ஓடி ஓடிப் பார்த்தார். "எரியுதடியப்பா!" என்று கத்தினார். என்னை அப்படிக் கூப்பிட்டு எத்தனையோ வருடம்.

ஆறாவது வருடம், வீதியில் ஓட அனுமதி தரும் சோதனைக்குக் கொண்டுபோனோம். சோதித்த பொறியியலாளர் ஓய்வுபெறும் வயதில் இருந்த ஜெர்மன்காரர். காரின் அடியில் படுத்தார், பிரேக்கை அளந்தார், எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். விளக்குகளைப் போட்டுப் பார்த்ததும் நிமிர்ந்தார்.

"இந்த மாதிரிக் கார்களில் விளக்கு எப்போதும் மங்கலாகத்தான் எரியும். இது புதுக் கார் போல எரிகிறதே! வயரிங் யார் செய்தது?" என்று கேட்டார்.

"நான்," என்றார் என் கணவர்.

நான் பக்கத்தில் நிற்கிறேன். ஏதோ அவசரத்தில் சொல்லிவிட்டார் என்று நினைத்தேன்.

"பின் விளக்குகளின் திரும்பும் வயரை எங்கே சேர்த்தீர்கள்?"

அவர் காரின் பின்பக்கம் போனார். குனிந்தார். பம்பரைத் தொட்டார். "இங்கே... இதற்குள்ளேதான்," என்று ஜெர்மனில் தடுமாறினார். பொறியியலாளர் காத்துக்கொண்டிருந்தார். எனக்கு என் கணவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. உண்மையாகவே அவரைக் காப்பாற்றத்தான் நான் வாயைத் திறந்தேன். கியர்பெட்டிக்கு மேலே, வலப்பக்கச் சட்டத்தில், என்றேன். ஏன் அங்கே என்று கேட்டார், சொன்னேன். ஃபியூஸ் பெட்டியைத் திறக்கச் சொன்னார், திறந்து ஒவ்வொன்றாகக் காட்டினேன். கடைசியில் அவர் எனக்குக் கை கொடுத்துவிட்டு என் கணவரிடம், "வீட்டிலேயே நல்ல எலக்ட்ரீஷியன் வைத்திருக்கிறீர்கள்," என்று சிரித்தார்.

கார் தேறிவிட்டது. என் கணவர் வீட்டுக்கு ஓட்டிவந்து, கராஜில் எஞ்சினை நிறுத்திய பிறகுதான் கேட்டார்.

"அந்த மனிசனுக்கு முன்னாலை என்னை ஏன் அவமானப்படுத்தினனீர்?"

"உங்களுக்கு மறுமொழி தெரியேல்லை எண்டுதானே..."

"நான் சமாளிச்சிருப்பன்."

இறங்கிப் போய்விட்டார். நான் கொஞ்ச நேரம் அந்த இருக்கையிலேயே இருந்தேன். ஆறு வருடத்தில் அந்தக் காரில் நான் போன முதல் பயணம் அது. அதுவே கடைசியும்.

அந்தக் கோடையில் ஊன்ட்றொப் அம்மன் கோயில் தேருக்கு அதை எடுத்துப் போவதாக முடிவாயிற்று. நான் சேலை அயர்ன் பண்ணி வைத்திருந்தேன். காலையில், "அண்ணை வாறாராம். நீர் ட்ரெயினிலை வாருமன், உமக்கு லேசு," என்றார். அண்ணனுக்குச் சொந்தமாகவே கார் இருக்கிறது.

ட்ரெயினிலும் பிறகு பஸ்ஸிலுமாகப் போய்ச் சேர்ந்தேன். கார்கள் விடும் வெளியில் எங்கள் காரைச் சுற்றி ஒரு கூட்டம். என் கணவர் புதுவேட்டியோடு கதவில் சாய்ந்து நின்றார். "ஆறு வருசம் தனியக் கிடந்து செய்தனான், அண்ணை," என்று யாரோ ஒருவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். "பாடி, பெயின்ட், வயரிங், எல்லாம் என்ரை கைதான்." என்னைக் கண்டார். நிறுத்தவில்லை. அவருடைய அண்ணன் தன் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்குத் தெரியாத ஒரு பெண் என் பக்கம் திரும்பி, "எப்பிடியக்கா பொறுத்தனீங்கள்? ஆறு வருசமா மனிசன் கராஜுக்கையே கிடந்தா?" என்று சிரித்தாள்.

இந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். எத்தனையோ முறை மனதுக்குள் சொல்லிப் பார்த்திருக்கிறேன். ஆனால் அன்று நான் சொன்னது இதுதான்: "ஓம், சரியான கரைச்சல்தான்." சொல்லிவிட்டுச் சிரிக்கவும் செய்தேன். அவர் பொய் சொன்னதைவிட நான் அதற்குச் சிரித்ததுதான் எனக்கு அதிகம் எரிகிறது.

அடுத்த வருடம் அவர் காரில் பெரிய பாட்டுப்பெட்டி ஒன்றைப் பூட்டினார். என்னைக் கேட்கவில்லை. நான் எதையோ எடுக்கக் கராஜுக்குப் போனபோது, பற்றரியிலிருந்து நேராக ஒரு சிவப்பு வயர் இருக்கைக்கு அடியால் ஓடுவதைக் கண்டேன். இடையில் ஃபியூஸ் இல்லை. இருக்கை முன்னும் பின்னும் வழுகும் இரும்பின் விளிம்பிலேயே வயர் கிடந்தது.

"இது வெட்டுப்படும். வெட்டுப்பட்டா நெருப்புத்தான். பத்து நிமிசம் தாங்கோ, நான் மாத்தி விடுறன்."

"நீர் உம்மடை வேலையைப் பாரும்," என்றார்.

அதற்கு மேல் நான் பேசவில்லை. எனக்கும் கோபம் இருந்தது. செய்து பார்க்கட்டும் என்று நினைத்தேன் என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

அதற்குப் பிறகு வந்த மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை கால்வாய்க்கரை வீதியில் கார் எரிந்தது. அவரும் அண்ணனும் உள்ளே இருந்திருக்கிறார்கள். புகை வந்தவுடன் நிறுத்தி இறங்கிவிட்டதால் இருவருக்கும் ஒன்றுமில்லை. பைபர் கிளாஸில் நெருப்புப் பிடித்தால் நிற்காது. தீயணைப்பு வண்டி வரும்போது சட்டமும் எஞ்சினும்தான் மிச்சம். அவர் வீட்டுக்கு வந்தபோது உடம்பு முழுக்க அந்தப் பசை எரிந்த மணம். நான் அவரைக் கட்டிப்பிடித்து அழுதேன். உயிரோடு வந்ததற்காக.

அன்று பின்னேரம் கேள்விப்பட்டவர்கள் வீட்டுக்கு வந்தார்கள். அவர்களுக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். யாரோ, "என்ன நடந்தது?" என்று கேட்டார்கள்.

"வயரிங் பிழை," என்றார் அவர். பிறகு என்னைப் பார்க்காமலே, "வயரிங் அவதானே செய்தவ," என்றார்.

வந்திருந்தவர்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர், "பரவாயில்லைப் பிள்ளை, தெரியாமல் நடந்ததுதானே," என்று ஆறுதல் சொன்னார். நான் தேநீர்த் தட்டை வைத்துவிட்டுக் குசினிக்குள் போனேன்.

இரண்டு வருடம் அதைப் பற்றி நாங்கள் பேசவில்லை. சென்ற மாதம் அவர் கைபேசியில் ஒரு படத்தைக் காட்டினார். இன்னொரு கார், பெட்டிகளில். கார்ல்ஸ்ரூஹே பக்கம் ஒருவர் விற்கிறாராம்.

"பாப்பமே? நீர் வயரிங் செய்வீர்தானே," என்றார்.

"அந்த நெருப்பு நீங்கள் போட்ட வயராலை வந்தது," என்றேன்.

"தெரியும்," என்றார். கைபேசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இருக்கைக்குக் கீழை. தெரியும்."

என் வயரிங்தான் பிழை என்று அவர் அறியாமல் சொன்னார் என்றுதான் அத்தனை நாளும் நினைத்திருந்தேன். அப்படி நினைத்துக்கொண்டுதான் அவருக்குச் சமைத்தேன், அவர் பக்கத்தில் படுத்தேன்.

அவருக்கு முன்னாலேயே அவருடைய அண்ணனுக்குப் போன் எடுத்தேன். அண்ணன்தான் எல்லாவற்றையும் பார்த்தவர். "அத்தான், அந்தக் கார் என்ரை வயரிங்காலை எரியேல்லை," என்றேன். "அவர் பாட்டுப்பெட்டிக்குப் போட்ட வயராலை எரிஞ்சது. இப்பதான் தன்ரை வாயாலை சொன்னவர்."

அந்தப் பக்கம் சிரிப்பு.

"அது எனக்கு அண்டைக்கே தெரியும்தானே, பிள்ளை. காரைச் செய்ததும் நீதான் எண்டு எங்கள் எல்லாருக்கும் தெரியும். அவன் சும்மா சொல்லுறவன். இதுக்குப் போய்ப் போன் எடுக்கிறியே?"

போனை வைத்தேன். என் கணவர் இன்னும் அந்தப் படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "என்னாலை ஏலாது," என்றேன். அவர் விரலால் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். அந்தக் கார் இன்னும் விற்கப்படவில்லை என்று நேற்றும் சொன்னார்.