பின் சீட்டில் வாடாத முகம்

என் ஓரகத்தி என்னைவிட வயதில் மூத்தவள். வீட்டுக்கு மூத்த மருமகளும் அவள்தான். ஆனால் சங்கரன்கோவிலில் எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும், "மூத்தவ நீதான?" என்று என்னைப் பார்த்துத்தான் கேட்பார்கள். அவள் சேலையைச் சரிசெய்துகொண்டு சிரிப்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இருவரும் இளையரசனேந்தல் பக்கம் ஒரே பள்ளிக்கூடத்தில் டீச்சர்கள். ஒரே ஸ்கூட்டர். ஓட்டுவது நான், பின்னால் உட்கார்ந்து வருவது அவள். எதிர்வெயில் முழுக்க என் முகத்தில். அவளுக்குக் குடை என் முதுகு. என் கன்னத்தில் மங்கு படர்வதற்கும் அவள் முகம் பளிச்சென்று இருப்பதற்கும் அதுதான் காரணம் என்று நம்பியிருந்தேன். ஒருநாள் அதை வாய்விட்டும் சொல்லிவிட்டேன். அவள் கோடை விடுமுறையில் வண்டி பழகினாள். பள்ளி திறந்ததும் அவள் முன்னால், நான் பின்னால். அப்படியும் கறுத்தது நான்தான்.

அவள் சன்ஸ்கிரீன் போடுவது எனக்குத் தெரியும். அதே டியூப்பைக் கடையநல்லூரில் தேடிப்பிடித்து நானும் வாங்கினேன். மிளகளவு எடுத்து, நெற்றி, கன்னம், மூக்கு என்று பொட்டுப் பொட்டாக வைத்துத் தேய்ப்பேன். பள்ளிக்கூடம் போனதும் அவள் நேரே வகுப்புக்குப் போய்விடுவாள். நான் குழாயடிக்குப் போய், சோப்புப் போட்டு முகம் கழுவிப் பவுடர் அடித்துக்கொள்வேன். வேர்த்த முகத்தோடு நாலு பேர் முன்னால் நிற்பது எங்கள் வீட்டுப் பழக்கத்தில் இல்லை. ஆடி மாதம் மேகமும் காற்றுமாக இருந்தால் டியூப்பைத் தொடுவதே கிடையாது. பலன் ஒன்றும் தெரியவில்லை. அவள் வேறு எதையோ ஒளித்துவைத்துப் பூசுகிறாள் என்று முடிவுகட்டினேன்.

ஒரு மத்தியானம் பிள்ளைகளை கிரவுண்டுக்குக் கூட்டிப்போகும் முன் மறுபடி முகம் கழுவிக்கொண்டிருந்தேன். அவள் பார்த்துவிட்டாள்.

"ஏட்டி, போட்டதயெல்லாம் சோப்புப் போட்டுக் கழுவிட்டு வெயில்ல போயி நிக்கப்போறியா?"

"காலைல போட்டுட்டேன்லா?"

"கழுவினா திரும்பப் போடணும்ட்டி. இங்கன வா."

தன் பையிலிருந்து டியூப்பை எடுத்து, என் இரண்டு விரல் நீளத்துக்கும் பிதுக்கினாள். "மொகத்துக்கு மட்டும் இம்புட்டு வேணும். கழுத்து, காது, புறங்கைக்குத் தனியா. கெளம்புறதுக்குக் கொஞ்சம் முந்தியே போட்டுரு. மேகம் போட்டுருந்தாலும் விடாத."

"இத்தன நாளு ஏன் சொல்லல?" என்று சண்டைக்குப் போனேன்.

அவள் டியூப்பை மூடினாள். "நீ கல்யாணமாகி வந்த அன்னைக்கு, 'எளையவ மொகம் கண்ணாடி கணக்கா இருக்கு'ன்னு அத்தை எல்லார் முன்னாடியும் சொன்னாவ. எம் பக்கம் திரும்பக்கூட இல்ல. அதுக்கப்புறந்தான் நான் இதப் போடுதேன். ஒனக்கு எதுக்குச் சொல்லுவேன்?"

நியாயப்படி எனக்குப் பாவமாக இருந்திருக்க வேண்டும். இல்லை, நெஞ்சு குளுகுளுவென்றிருந்தது. "அத்தை என்ன சொன்னாவ, திரும்பச் சொல்லுங்கக்கா" என்று கேட்டேன். முறைத்துவிட்டுப் போய்விட்டாள்.

இப்போது ஒழுங்காகப் போடுகிறேன். மங்கு மேலும் படரவில்லை; இருந்தது அப்படியேதான் இருக்கிறது. அவள்மேல் முன்போல் எரிச்சல் வருவதில்லை. ஹாலில் மாட்டியிருக்கும் என் கல்யாணப் போட்டோவில் மாலையும் கழுத்துமாக நிற்கிறவளைப் பார்த்தால்தான் வயிறு எரிகிறது.