கதவு இல்லம்மா, கடவு

போன தை மாதம், பொங்கல் முடிந்த வாரத்தில் ஒரு சனிக்கிழமை. காஞ்சிபுரத்தில் காமாட்சி அம்மன் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் நானும் என் கணவரும் மொபைல் சர்வீஸ் கடை வைத்திருக்கிறோம். அன்று அவர் ஸ்பேர் பார்ட்ஸ் வாங்க சென்னைக்குப் போயிருந்தார். கடையில் நான் மட்டும்.

காலையிலிருந்தே எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. காரணத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். சினிமாதான். மலையாளப் படப் பைத்தியங்களுக்காக வாட்ஸ்அப்பில் ஒரு குரூப் நடத்துகிறேன். எல்லோரும் காஞ்சிபுரம், சுற்று வட்டாரத்து ஆட்கள்தான். யாரும் யாரையும் நேரில் பார்த்ததில்லை. ஊர்தான் பேர். ஏனாத்தூர் சார், தாமல் அண்ணன், மாகறல் அக்கா என்று கூப்பிட்டுக்கொள்வோம். இந்த வாரம் எதைப் பார்க்கலாம், எதைக் குடும்பத்தோடு பார்க்கலாம், எதற்கு முதல் அரை மணி நேரம் பொறுமை வேண்டும் என்று நாள் பூராவும் பேச்சு ஓடும். முந்தின நாள் நான் ஒரு படத்தைத் தலையில் தூக்கி வைத்து எழுதியிருந்தேன். கல்லூரியில் கெமிஸ்ட்ரி நடத்தும் ஏனாத்தூர் சார் அதற்குக் கீழே, "இடைவேளைக்கு அப்புறம் நல்லா தூக்கம் வந்துச்சு" என்று போட்டுவிட்டார். அவ்வளவுதான். நான் ஒன்று எழுத, அவர் ஒன்று எழுத, மதியம் தாண்டியும் போனது. ஒரு டிஸ்ப்ளே மாற்ற உட்கார்ந்தால் கை தானாகப் போனைத்தான் எடுத்தது.

அந்த நேரத்தில்தான் ஒரு அம்மா கடை வாசலில் வந்து நின்றார். ஐம்பது வயது இருக்கும். செருப்பு இல்லாமல் ஓடி வந்திருந்தார். கையில் இருந்த போனை என் முகத்துக்கு நேராக நீட்டினார். வெள்ளை வேட்டி, கட்டம் போட்ட சட்டையில் ஒரு பெரியவரின் படம்.

"அச்சன காணானில்ல" என்றார். அது புரிந்தது. அப்பாவைக் காணவில்லை.

நாற்காலியைப் போட்டு, தண்ணீர் கொடுத்து, "என்ன ஆச்சும்மா, எப்ப காணோம், பொறுமையா சொல்லுங்க" என்றேன். நான் பேசிய தமிழ் முழுக்க அவருக்குப் புரிந்தது. அவர் அழுதுகொண்டே படபடவென்று பதில் சொன்னார். எனக்குத்தான் ஒன்றும் பிடிபடவில்லை. கோயில், வேன், மறதி என்று அங்கங்கே ஒரு வார்த்தை நின்றது. மீதியெல்லாம் ஓடிவிட்டது.

என் கண் என்னையறியாமல் அவருடைய கழுத்துக்குக் கீழே போனதை உணர்ந்தேன். திரையில் சப்டைட்டில் ஓடும் இடம்! டப்பிங் படத்தைத் தொடவே மாட்டேன் என்று குரூப்பில் பெருமை அடித்துக்கொண்டிருந்தவள் நான். இத்தனை வருஷமாக மலையாளப் படங்களை நான் பார்க்கவில்லை, படித்திருக்கிறேன் என்று அந்த நிமிஷத்தில்தான் தெரிந்தது. வெட்கப்படக்கூட நேரமில்லை.

நிறுத்தி நிறுத்திக் கேட்டதில் ஓரளவு விளங்கியது. கேரளாவிலிருந்து வேனில் வந்திருக்கிறார்கள். அப்பாவுக்கு ஞாபக மறதி நோய். நடை திறக்கக் காத்திருந்தபோது, இவர் செருப்பு விட்டுவிட்டுத் திரும்புவதற்குள் ஆளைக் காணோம். வேன் டிரைவர் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போயிருக்கிறார். மற்றவர்கள் கோயிலைச் சுற்றித் தேடுகிறார்கள். ஆனால் ஒரு விஷயத்தை அந்த அம்மா மறுபடி மறுபடி சொன்னார். "எப்போழும் கடவில் போணம், கடவில் போணம்னு பறயும்." எங்கேயோ போக வேண்டும் என்று எப்போதும் சொல்வாராம். எங்கே என்பதுதான் என் காதில் 'கதவு' என்று விழுந்தது. கதவைத் திறந்துகொண்டு போய்விடுவாரோ? கோயில் கதவா? "எந்தக் கதவும்மா?" என்று கேட்கக் கேட்க அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

வேறு வழி தெரியாமல், அவர் பேசுவதை, நடுவில் நான் 'கதவு' என்று கேட்பதையும் சேர்த்து, அப்படியே பதிவு செய்து, பெரியவரின் படத்தோடு எங்கள் குரூப்பில் போட்டேன். முதல் பதில் உடனே வந்தது. "எந்தப் படத்து சீன்?"

எனக்குக் கோபம்தான் வந்தது. "படம் இல்ல, நிஜம். என் கடையில உட்கார்ந்துக்கினு இருக்காங்க. யாருக்காவது புரியுதா?" என்று எழுதி முடிப்பதற்குள் போன் அடித்தது. ஏனாத்தூர் சார். காலையிலிருந்து யாரோடு சண்டை போட்டேனோ அவரேதான். அன்றுதான் அவர் குரலை முதல் தடவையாகக் கேட்கிறேன்.

"கதவு இல்லம்மா, கடவு. மலையாளத்துல படகுத்துறைன்னு அர்த்தம். அவர் தண்ணிய தேடிப் போவாரு. கோயில்ல தேடாதீங்க, குளத்தைப் பாருங்க. நான் சின்ன காஞ்சிபுரம் பக்கம் பாக்கறேன்."

குளமா? இந்த ஊரில் கோயிலுக்கு ஒரு குளம் இருக்கிறதே! ஷட்டரை இழுத்து விட்டுவிட்டு, அந்த அம்மாவை ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டேன். காமாட்சி அம்மன் கோயில் குளத்தை வேனில் வந்தவர்கள் ஏற்கெனவே பார்த்துவிட்டார்கள். ஏகாம்பரநாதர் கோயிலுக்கு ஓட்டினேன். அங்கே இல்லை. வழியெல்லாம் பின்னாலிருந்து அந்த அம்மா வேட்டி கட்டிய ஒவ்வொரு ஆளையும் பார்த்து "நில்லு, நில்லு" என்று என் தோளை அழுத்துவார். நான் பிரேக் பிடிப்பேன். பார்த்தால் வேறு யாரோ.

சர்வதீர்த்தக் குளத்துக்குப் போனபோது படிக்கட்டில் கூட்டமாக நின்று தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் வெள்ளையாக ஏதோ மிதந்தது. அந்த அம்மா வண்டி நிற்பதற்கு முன்பே குதித்துவிட்டார். அவர் போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. ஒரு ஆள் நீந்திப் போய் அதை இழுத்து வந்தார். வெறும் துணி. யாரோ துவைக்கும்போது விட்டது. அந்த அம்மா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். நானும் உட்கார்ந்தேன்.

அங்கே உட்கார்ந்துதான் விவரத்தைச் சொன்னார். இந்தத் தடவை கொஞ்சம் நிதானமாகச் சொன்னார். நானும் அவர் வாயையே பார்த்துக் கேட்டேன். முக்கால்வாசி புரிந்தது. அவர்கள் வீடு ஆற்றுக்கு அக்கரையில். அப்பா சின்ன வயதில் தினமும் வேலை முடிந்து படகில்தான் வீடு திரும்புவார். பாலம் வந்து, படகு நின்று எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. ஆனால் இந்த நோய் வந்ததிலிருந்து, வெயில் சாய ஆரம்பித்ததும் அவருக்கு இருப்புக் கொள்ளாது. கடவுக்குப் போக வேண்டும், வள்ளம் போய்விடும், வீட்டில் தேடுவார்கள் என்று கிளம்பிவிடுவார். வள்ளம் என்றால் படகு.

வெயில் அப்போது நன்றாகவே சாய்ந்திருந்தது. தை மாதத்தில் சீக்கிரம் இருட்டிவிடும். குரூப்பில் செய்தி மேல் செய்தி. பஸ் ஸ்டாண்டில் இல்லை. மாகறல் பக்கம் இல்லை. சின்ன காஞ்சிபுரத்திலும் இல்லை. ஒவ்வொரு 'இல்லை'யையும் அந்த அம்மாவுக்குச் சொல்லாமல் போனைக் கவிழ்த்து வைத்துக்கொண்டேன்.

அப்போது தாமல் அண்ணன் கூப்பிட்டார். இன்சூரன்ஸ் ஏஜென்ட். குரூப்பில் அதிகம் பேச மாட்டார்.

"எங்க ஊர் ஏரியில ஒருத்தர் நிக்கறாரும்மா. போட்டோவுல இருக்கறவர்தான். முழங்கால் தண்ணியில நிக்கறாரு. நான் கிட்ட போனா உள்ள உள்ள போறாரு. பயமா இருக்குது. இன்னா பண்றது?"

தாமலா! நெடுஞ்சாலையில் அவ்வளவு தூரம் எப்படிப் போனார்? பஸ்ஸா, ஷேர் ஆட்டோவா, யாராவது ஏற்றிக்கொண்டு போனார்களா? இன்று வரை எங்களுக்குத் தெரியாது. பெரிய ஏரி அது. பொங்கல் சமயம், தண்ணீர் நிறைய இருந்தது.

ஸ்பீக்கரில் போட்டேன். அந்த அம்மா "அச்சா, அச்சா" என்று கத்தினார். அண்ணன் போனைத் தூக்கிப் பிடித்திருக்கிறார், ஆனால் காற்றில் அது பெரியவருக்குக் கேட்கவில்லை. பெரியவர் இன்னும் இரண்டடி உள்ளே போனதாக அண்ணன் சொன்னார். அந்த அம்மா சட்டென்று அழுகையை நிறுத்தினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, போனில் மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார். அதை அண்ணன் கரையில் நின்று உரக்கத் திருப்பிச் சொன்னார்.

"அச்சா! இந்நு வள்ளம் இல்ல! நாளே உண்டு!"

இன்றைக்குப் படகு இல்லை, நாளைக்கு இருக்கிறது. கொஞ்ச நேரம் போனில் காற்றுச் சத்தம் மட்டும். அந்த அம்மா என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் வளையல் உடைந்தது. பிறகு அண்ணன் குரல், கிசுகிசுப்பாக. "திரும்பிட்டாரும்மா... என்னமோ கேக்கறாரு. 'இந்நில்லே?'ன்றாரு. இல்லைன்னு தலையாட்டறேன்... வந்துட்டாரு, கையைப் புடிச்சிட்டேன்."

நாங்கள் இருவரும் அந்தக் குளத்துப் படியிலேயே கட்டிக்கொண்டு அழுதோம். வேடிக்கை பார்த்தவர்கள் யாரோ செத்துப்போய்விட்டதாகத்தான் நினைத்திருப்பார்கள்.

நாங்கள் தாமல் போய்ச் சேர்ந்தபோது பெரியவர் அண்ணன் வீட்டு வாசலில் காய்ந்த லுங்கி கட்டிக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தார். மகளைப் பார்த்ததும் தாமதமானதற்கு மன்னிப்புக் கேட்பவர்போலச் சிரித்து, இன்றைக்கு வள்ளம் இல்லையாம் என்றார். ஏனாத்தூர் சாரும் பைக்கில் வந்திருந்தார். கண்ணாடி போட்ட, ஒல்லியான, கூச்சப்படுகிற மனிதர். இவரையா அப்படித் திட்டினேன் என்று இருந்தது. "நீங்கதான் அட்மினா?" என்று மட்டும் கேட்டார். வேன் வந்து அவர்களை ஏற்றிக்கொண்டு போகும்போது பெரியவர் ஜன்னல் வழியாக ஏரியைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

மறுநாள் குரூப்பில் எல்லோரும் எங்களைப் பாராட்டித் தள்ளினார்கள். அதற்கு நடுவில் ஏனாத்தூர் சார், அந்தப் படத்தை மறுபடி பார்த்ததாகவும், மறுபடியும் தூக்கம் வந்ததாகவும் எழுதினார். மறுபடியும் சண்டை போட்டோம்.

ஆனால் அன்றிலிருந்து வெயில் சாயும் நேரம் வந்தால் எனக்கும் கடையில் கொஞ்சம் இருப்புக் கொள்வதில்லை. எங்கோ ஒரு ஊரில் அந்தப் பெரியவர் இந்நேரம் கிளம்பியிருப்பார், யாராவது அவரிடம் நாளைக்கு என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள் என்று தோன்றும். தெரியாத மொழியில் பதறிக்கொண்டு யார் என் எதிரில் வந்து நின்றாலும், புரியவில்லை என்று கை விரிக்க இப்போது மனசு வருவதில்லை. அவர்கள் சொல்லி முடிக்கும் வரை முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாலே, பாதி தூரம் அவர்களோடு போய்விட்ட மாதிரி இருக்கிறது.