காயாத மேல்தட்டு

சுனாமி எங்கள் பழைய தோணியைக் கொண்டுபோன பிறகு, நிவாரணமாக ஒரு பைபர் பாய்த்தோணி கிடைத்தது. தன்னாமுனை வாவிக்கரையில் அதைப் பார்க்க ஊரே திரண்டது. இரண்டு பைபர் தகடுகளுக்கு நடுவே மரப்பலகை வைத்து ஒட்டியதுதான் அதன் மேல்தட்டு. பலகைக்குள் தண்ணீர் போகக் கூடாது என்று கொடுத்தவர்கள் படித்துப் படித்துச் சொன்னார்கள். அண்ணன் யார் பேச்சைக் கேட்டான்! பாய்க்கயிறு கட்ட வளையம் வேண்டுமென்று தட்டில் துளை போட்டு, துளைக்குள் நீர் புகாமல் அடைக்கும் ரெசின் பசையைப் பூசாமலே ஆணியை முறுக்கிவிட்டான். அவன் பாய் பிடிக்க, அப்பா சுக்கான் பிடிக்க, இருவரும் தொழிலுக்குப் போய்வந்தார்கள்.

பிறகு அண்ணன் போராளி இயக்கத்தோடு வன்னிக்குப் போனான். தோணி கரையிலேயே கிடந்தது. ஆணித்துளை வழியே மழை இறங்கி, கால் வைத்தால் தட்டு அமுங்கியது.

யுத்தம் முடிந்துவிட்டதாக வானொலி சொன்ன பிறகு, அம்மாவின் தம்பி வந்தார்.

“தட்டைக் காயப்போடுங்க அத்தான். காஞ்ச அண்டைக்கே மருமகன்ட இடத்தில பாய் பிடிக்க நான் வாறன்.”

அப்பா துறப்பணத்தால் தட்டு முழுக்கத் துளை போட்டார். ஈரம் வெளியேற வேண்டும். காய்ந்தபின் ரெசின் ஊற்றி அடைக்க வேண்டும். தன் தோணிக்குத் தானே ஓட்டை போடும் மனிதரைப் பார்த்து ஊர் சிரித்தது.

கச்சான் காற்று சுட்டுக்கொண்டு வீசியது. அப்பா பகலெல்லாம் தோணியருகே இருந்தார். பொழுதுபட்டால் பனி படாமல் படங்கு போர்த்தினார். அம்மா அண்ணனின் படத்தோடு முகாம் முகாமாகத் தேடி அலைந்தார். வீட்டில் என்னோடு பேச யாருமில்லை. தோணி ஓடினால் அப்பா பழையபடி பேசுவார் என்று நம்பினேன். காயாத அந்தத் தட்டின் மேல் எனக்கு அப்படியொரு கோபம்.

ஒருநாள் அப்பா செய்வதுபோலவே கரண்டிக் காம்பால் தட்டிப் பார்த்தேன். ஊறிய பலகை ‘தொப்’பென்று ஒலிக்கும். அன்று எங்கே தட்டினாலும் ‘டக் டக்’. ஓடிப்போய் அவர் கையைப் பிடித்து இழுத்தேன்.

“அப்பா, காஞ்சிட்டு! மாமாவைக் கூப்பிடவா?”

அப்பா வந்து தட்டினார். ‘டக்’ என்றது. அண்ணன் பாய் பிடித்து நிற்கும் இடத்தை உள்ளங்கையால் தடவினார்.

“இல்ல மகள். ஈரம் இரிக்கி. மறுகா பாப்பம்.”

எனக்குத்தான் கேட்கத் தெரியவில்லையாக்கும் என்று வெட்கமாகப் போயிற்று. ஈரத்தின் சத்தத்தைப் பழகிக்கொள்வதற்காக, அன்று பொழுதுபடும்வரை தனியே தட்டிக்கொண்டிருந்தேன்.