காலியாக விடப்பட்ட கட்டம்

என் டைரியில் ஒவ்வொரு நாளுக்கும் மூன்று வரிகள் உண்டு. வானிலை, தொழிலாளர் கேம்ப்பில் தங்கியிருந்த ஆட்களின் எண்ணிக்கை, வழக்கத்துக்கு மாறாக நடந்தது. 2003 பிப்ரவரியில் மூன்றாவது வரி அநேகமாக ஒன்றையே சொல்கிறது: மணல் நிற ராணுவ லாரிகள், மூடுபனிக்குள், மேற்கு நோக்கி. சில நாட்கள் எண்ணினேன். பிறகு எண்ண முடியவில்லை.

அப்போது அபுதாபியை ஒட்டிய முசஃபாவில் ஒரு கேட்டரிங் கம்பெனியில் ஆட்களின் காகிதங்களைப் பார்ப்பது என் வேலை. படிவங்கள் அரபியிலும் ஆங்கிலத்திலும் இருக்கும். கையெழுத்து வேண்டிய இடத்தில் பென்சிலால் சிறிதாக ஒரு பெருக்கல் குறி போட்டு வைப்பேன். ஆள் வந்து குறியின்மேல் கையெழுத்திடுவார். மை காய்ந்ததும் குறியை அழித்துவிடுவேன். பதினொரு வருடம் இப்படித்தான் நடந்தது. என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் கேட்டதில்லை. அதை என்மேல் வைத்த நம்பிக்கை என்று நினைத்துப் பெருமைப்பட்டிருக்கிறேன்.

அந்த வாரம் பன்னிரண்டு படிவங்கள் வந்தன. எல்லாவற்றிலும் வேலை செய்யும் இடம் என்ற கட்டம் காலியாக இருந்தது. மேனேஜர் கோயம்புத்தூர்க்காரர். அவரிடம் கேட்டேன்.

"குவைத்துன்னு எழுதிடட்டுமா சார்?"

"ஒண்ணும் எழுதாதீங்க. அப்படியே விடச் சொல்லியிருக்காங்க."

"யாரு சார்?"

"நமக்கு மேல இருக்கறவங்களுக்கு மேல. நமக்கெதுக்குங்க? பன்னண்டு ஆளு வேணும், அவ்வளவுதான்."

கையெழுத்துப் போட்டால் இரண்டு வருட விசா. போடாவிட்டால் கேன்சல்.

அந்த நாட்களில் மதிய இடைவேளையில் ஒரு பழைய வரலாற்றுப் புத்தகம் படித்துக்கொண்டிருந்தேன். ஊர் திரும்பிய ஒருவர் விட்டுச் சென்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் காபூலுக்குப் படை கொண்டுபோன கதை. அந்தப் படையில் சிப்பாய்களைவிடச் சமையல்காரர்களும் தண்ணீர் சுமப்பவர்களும் ஒட்டகக்காரர்களும்தான் அதிகம். அந்தப் போரில் அவர்களுக்கு ஒரு லாபமும் இல்லை. குளிர்காலத்தில் படை பின்வாங்கியபோது கணவாய்களில் அவர்கள்தான் அதிகமாகச் செத்தார்கள். புத்தகத்தின் பின்னால், இறந்த ஆங்கில அதிகாரி ஒவ்வொருவருக்கும் பெயர், பதவி, விழுந்த இடம் எல்லாம் இருந்தன. முகாம் ஆட்களுக்கு ஒரே வரி. அதுவும் 'சுமார்' என்று தொடங்கியது. தினமும் கேம்ப்பில் ஆள் எண்ணுகிற எனக்கு அது பொறுக்கவில்லை. போகும்போது ரொட்டிக்காகவாவது எண்ணியிருப்பார்களே.

எங்கள் மந்தூப், அதாவது அரசு அலுவலகங்களுக்குக் காகிதம் கொண்டுபோகிற அரபி, ராஸ் அல் கைமாக்காரர். என் வயதுதான். நாங்கள் ஹிந்தியில்தான் பேசிக்கொள்வோம். புத்தக அட்டையில் இருந்த பீரங்கியைப் பார்த்தார்.

"இது எங்க ஊருக்கும் வந்துச்சு, பாய். முதல்ல வெள்ளைக்காரங்க மேப்புல எங்களைக் கடல் கொள்ளைக்காரன்னு எழுதினாங்க. அப்புறம் கப்பலைக் கொளுத்தினாங்க, ஊரைக் கொளுத்தினாங்க. சாம்பல் ஆறுறதுக்குள்ள ஷேக்குகள் முன்னாடி காகிதத்தை நீட்டி முத்திரை வாங்கினாங்க. அதுக்குப் பேரு சமாதானம்."

"பம்பாயிலிருந்து வந்த படை," என்றேன்.

"அதுல உங்க ஆளுங்களும்தான் இருந்தாங்க." சிரித்தார். "பரவாயில்லை. கொள்ளைக்காரன் காசுல இன்னிக்கு ஒரு டீ குடிங்க."

மேசைமேல் இருந்த படிவத்தை எடுத்து அரபிப் பகுதியை வாசித்தார். சிரிப்பு போய்விட்டது.

"அமெரிக்கப் படைக்குத் தேவைப்படுற எந்த நாட்டுக்கும் அனுப்பலாம்னு இருக்கு. திரும்பி வர்ற தேதி மாஃபி, இல்லவே இல்லை." காகிதத்தைத் திருப்பி வைத்தார். "கலாஸ், முடிஞ்சுது. நான் படிக்கலை, நீங்க கேட்கலை."

அதற்குள் பதினொரு படிவங்களில் குறி போட்டிருந்தேன். பதினொரு பேரும் கையெழுத்திட்டுப் போயிருந்தார்கள். மிச்சமிருந்தது ஒன்று.

மறுநாள் காலை அதற்குரியவர் வந்தார். கீழக்கரைப் பக்கத்து முஸ்லிம், கேம்ப் சமையல்காரர். ஊரில் அவர் வீட்டுக்குச் சுவர் எழுந்து, கூரை போடாமல் நின்றது. அவர் படிவத்தில் நான் குறி போடவில்லை. குறி இல்லையென்றால் கேட்பார், கேட்டால் சொல்லலாம் என்று இருந்தேன். நானாகச் சொல்லத் துணிவில்லை. என் விசாவும் மனைவி, மகள் விசாவும் அதே கம்பெனியில். மேனேஜரின் கண்ணாடி அறை பத்தடி தூரம்.

"எங்கண்ணே அனுப்புறாங்க?"

"குவைத்துன்னு சொல்றாங்க."

"அவங்க சொல்றது இருக்கட்டும். நீங்க சொல்லுங்க."

"அதுக்கு அந்தப் பக்கமாவும் இருக்கலாம். இராக்."

"நான் என்ன குண்டு போடவா போறேன்? சோறு போடத்தானே. சண்டைக்காரனுக்கும் பசிக்கும்ல?"

"எதிர்ல இருக்கவனுக்கும்தான் பசிக்கும்."

"தெரியும்ணே. அவங்களுக்காகவும்தான் தினம் துஆ கேக்குறோம். ஆனா கேன்சல் ஆகிப் போனா மழைக்கு எங்க நிக்கிறது, நீங்களே சொல்லுங்க."

மேனேஜர் கண்ணாடியைத் தட்டினார். எழுந்து போனேன். திரும்பி வருவதற்குள் அவர் கையெழுத்திட்டிருந்தார். குறி எங்கும் இல்லாததால், பக்கத்தில் முதலில் கண்ணில் பட்ட காலிக் கட்டத்தில் போட்டிருந்தார். வேலை செய்யும் இடம் என்ற கட்டத்தில், நீல மையில், கீழே ஒரு கோடு இழுத்து.

"குறி போட மறந்துட்டீங்கண்ணே. நானே இடத்தைக் கண்டுபிடிச்சுட்டேன்."

தப்பான படிவத்தைக் கண்டு நான் சந்தோஷப்பட்டது அந்த ஒரு முறைதான். மேனேஜரிடம் கொண்டுபோனேன். "இது செல்லாது சார். வேற படிவம் வரும்வரைக்கும் இவரை நிறுத்திடலாம்."

அவர் காகிதத்தைக் கையில்கூட வாங்கவில்லை. "எவன் படிக்கப் போறானுங்க? கையெழுத்து இருக்குதல்ல?"

மார்ச்சில் போர் தொடங்கியது. அதற்குள் பன்னிரண்டு பேரும் போய்விட்டார்கள். கீழக்கரைச் சமையல்காரர் இரண்டு முறை போனில் கூப்பிட்டார். முதல் முறை குவைத்திலிருந்து. இரண்டாவது முறை எங்கிருந்து என்று கேட்டேன்.

"தெரியலண்ணே. ஊர் போர்டெல்லாம் சுட்டு ஓட்டையா கிடக்கு. லாரிக்குப் பின்னாடி லாரியாப் போறோம். எனக்கு முன்னாடி தண்ணி வண்டி. அதைப் பாத்துக்கிட்டே போறதுதான்."

ஜூலையில், எங்களுக்கு மேலே இருந்த கம்பெனியிலிருந்து ஒரு ஃபேக்ஸ். சாலையில் ஒரு வாகன வரிசை தாக்கப்பட்டது. சுமார் ஆறு சமையல் ஆட்கள் இறந்திருக்கலாம். பெயர்கள் இல்லை. போன் செய்து கேட்டேன். விவரம் வரும் என்றார்கள். ஆறு பேரைச் சுமாராக எப்படி எண்ணுவது? அன்று டைரியில் எங்கள் பன்னிரண்டு பேரின் பெயரையும் தகப்பனார் பெயரையும் ஊரையும் எழுதினேன். மூன்று வரி போதவில்லை.

ஆகஸ்டில் எட்டுப் பேர் திரும்பினார்கள். அவர்களில் கீழக்கரைக்காரர் இல்லை. அவர் வண்டி வேறு வரிசையில் போனது என்பதற்குமேல் அவர்களுக்கும் தெரியவில்லை.

பிறகு கீழக்கரையிலிருந்து அவருடைய மச்சினன் கூப்பிட்டார். "மச்சான் எந்த ஊருல வேலை பாத்தாருன்னு மட்டும் சொல்லுங்க சார். எந்த நாடா இருந்தாலும் சரி, நாங்க ஆளைப் புடிச்சு விசாரிச்சுக்கிறோம். உங்ககிட்டதான் எல்லாம் எழுதி இருக்கும்னு அக்கா சொல்லுது."

ஃபைலை எடுத்துப் பிரித்தேன். வேலை செய்யும் இடம் என்ற கட்டத்தில் அவர் கையெழுத்துதான் இருந்தது. கீழே கோடு இருந்தது.

"சார்," என்றார் மச்சினன். "லைன்ல இருக்கீங்களா?"