ஜாக்கிதான் பெரிசு

கோமதி அக்கா போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நான் புக்கிட் பாஞ்சாங்கில் ஒரு வீட்டுச் சுவரைத் துளைத்துக்கொண்டிருந்தேன். அவருடைய தம்பி வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார்: "அக்கா காலையில தவறிட்டாங்க. நெஞ்சுவலி." ஏணியை விட்டு இறங்கி உட்கார்ந்தேன். அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. பொங்கோல் விஷயத்தை நான் அவரிடம் இன்னும் சொல்லவே இல்லையே!

உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். ஜாலான் புசாரில் எங்கள் பட்டறையில் சுவர்ப்படம் வரைந்தவர். படங்களுக்குச் சட்டம் போட்டு மாட்டுகிறவன் நான். மதிய இடைவேளையில் தச்சர்களைக் கூட்டிவைத்து 304 ஆடுவார். அந்தச் சீட்டாட்டத்தில் ஜாக்கிதான் பெரிசு, அடுத்தது ஒன்பது. ராஜாவும் ராணியும் பத்துக்கும் கீழேதான் கிடப்பார்கள். "கிரீடத்தப் பாத்து ஏமாறாத லா" என்று தோற்றவனைச் சீண்டுவார்.

சென்ற ஆண்டு பொங்கோலில் ஒருவர் தம் வீட்டு பாருக்குப் படம் கேட்டார். "இஸ்பேட்ல பெரிய சீட்டு அஞ்சு, வரிசையா வேணும்" என்றார். நானும் அதையே அக்காவிடம் சொல்லித் தொலைத்தேன். மூன்று வாரம் உட்கார்ந்து வரைந்தார்: ஜாக்கி, ஒன்பது, ஏஸ், பத்து, ராஜா. பார்க்க வந்தவரின் முகம் போன போக்கைச் சொல்ல வேண்டுமா?

"ஒன்பது எங்கேருந்து வந்துச்சு? ராணி எங்கங்க?"

"ராணி ஆறாவது. நீங்க அஞ்சுதானே கேட்டீங்க?" என்றார் அக்கா.

"ஐயோ, நான் சொன்னது போக்கருங்க!" என்று அவர் கிளம்பிவிட்டார்.

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. "அக்கா, தப்ப ஒத்துக்கிட்டு மாத்திக் குடுங்க" என்றேன். "என்ன தப்பு? சரியாத்தான் இருக்கு. நீயாவது அப்படிச் சொல்லேன் லா" என்றார். என் வாயிலிருந்து அது வரவில்லை. இரண்டு வாரம் தூரிகையைத் தொடாமல் முறைத்துக்கொண்டே இருந்தார். பொறுக்க மாட்டாமல், ஏஸ், ராஜா, ராணி, ஜாக்கி, பத்து என்று போக்கர் வரிசையில் ஐந்து படங்களை வெளியே அச்சடித்து வாங்கி, சட்டம் போட்டு, பொங்கோலில் மாட்டிவிட்டேன். அக்காவிடம், "அவரு உங்க படத்தையே எடுத்துக்கிட்டாரு" என்று புளுகினேன்.

அவருக்கு வந்த சந்தோஷம்! உங்கள் எல்லோரிடமும் சொன்னார், இல்லையா? "பொங்கோல்ல என் ஜாக்கி தொங்குது" என்று. என்னிடம், "ஒரு தடவ கூட்டிட்டுப் போயேன்" என்று நச்சரித்தார். வீட்டுக்காரர் வெளியூர் போயிருக்கிறார் என்றேன், தீபாவளி கழியட்டும் என்றேன். இப்படியே ஓட்டினேன், மடையன்.

அக்காவின் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் உடலை அஞ்சலிக்கு வைத்திருந்தபோது நீங்கள் ஒவ்வொருவராக வந்து என்னிடம் பொங்கோல் ஜாக்கியைப் பற்றிப் பேசினீர்கள். தலையாட்டினேன். இப்போது சொல்கிறேன்: அந்தப் படங்கள் பட்டறையை விட்டு நகரவே இல்லை. ஒட்டுப்பலகைகளுக்குப் பின்னால், துணி சுற்றிக் கிடந்தன. நாலடி தள்ளி உட்கார்ந்துதான் அவர் தினமும் சீட்டு ஆடினார்.

அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பவை அந்த ஐந்தும்தான். என் வீட்டுக் கூடத்தில், அவர் வைத்த வரிசையிலேயே மாட்டியிருக்கிறேன். போன வாரம் வந்த மைத்துனன் பார்த்துவிட்டுச் சிரித்தான். "மச்சான், வரிசை தப்பு."

"சரியாத்தான் இருக்கு" என்றேன். யாரிடம் சொல்கிறேன் பாருங்கள்.