பதினேழு பேருக்குப் போன கடிதம்

ஜனவரி 9 – 5,000
பிப்ரவரி 12 – 40,000
மார்ச் 4 – 1,15,000

மூன்றும் ஒரு வீட்டுக்காக அக்கா கட்டிய தொகைகள். அவற்றைப் பெற்றுக்கொண்ட வீட்டுவசதிச் சங்க இணையதளத்துக்கு நிரல் எழுதியவர் அவளுடைய தம்பி. பத்தொன்பது வருடமாக மூன்றாம் மாடியில் ஜன்னலோர மேசை. எதையும் இருமுறை சரிபார்ப்பதால் அலுவலகத்தில் அவருக்கு 'ரெண்டு தரம்' என்று பெயர்.

மார்ச் 29 காலை அக்கா போனில் கூப்பிட்டாள்.

"டேய், சாவி வாங்க வந்தா என் பேரே இல்லைங்கிறாங்கடா! வீடு ஒதுக்கியாச்சுன்னு வந்த கடிதத்தைக் காட்டினா பேந்தப் பேந்த முழிக்கிறாங்க."

"நல்லாப் பாக்கச் சொல்லுக்கா."

"பாத்தாச்சு. இருந்த வீட்டைக் காலி பண்ணிட்டு, சாமானோட வண்டியில நிக்கிறேன். என்னடா சிஸ்டம் எழுதியிருக்க?"

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. தரவுத்தளத்தில் அவள் கட்டிய பணம் இருந்தது; வீடு இல்லை.

நிரலைத் திறந்தார். வீட்டைப் பெயருக்கு எழுதுவது, மின்னஞ்சலில் கடிதம் அனுப்புவது, மீதி வீடுகளின் எண்ணிக்கையைக் குறைப்பது: மூன்றையும் ஒரே பரிவர்த்தனைக்குள் வைத்திருந்தார். ஒன்று தவறினாலும் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். வீடு ஒதுக்கிய அன்று ஒரே நொடியில் பலருக்கு ஒதுக்கியதில், கடைசி வேலை சிலருக்குத் தடைபட்டிருந்தது. தரவுத்தளம் ஒன்றுமே நடக்காதது போல் பின்வாங்கிவிட்டது. போன கடிதம் எப்படித் திரும்பும்? அடுத்த சுற்றில் அந்த வீடுகளும் வேறு ஆட்களுக்குப் போய்விட்டன.

எண்ணினார். பதினேழு பேர். மறுபடி எண்ணினார். பதினேழுதான்.

அவர் விஷயத்தைச் சொன்னதும் மேலாளரம்மா ஓடி வந்தார். "கடிதம் அனுப்புற வரியை உள்ள வெச்சது யாருங்க?"

"நான்தாம்மா."

"நீங்களா!" அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "உங்க கோடிங்கைப் பாத்துத்தானே நாங்க எல்லாருமே எழுதுறோம்!" பிறகு குரலைத் தாழ்த்தினார். "ரெண்டு வீடு மிச்சம் இருக்கு. அக்கா பேரைக் கையால சேத்துடுங்க. யாரும் கேக்க மாட்டாங்க."

தம்பி ஒரு வெள்ளைத்தாளை எடுத்தார். தவறு தன்னுடையது என்று எழுதி, பதினேழு பெயர்களையும் விண்ணப்ப வரிசையில் போட்டு, கையெழுத்திட்டுக் கொடுத்தார். அக்கா பதினொன்றாவது.

அன்று மாலை அவருடைய கூடம் முழுக்க அக்காவின் பெட்டிகள்.

"ரெண்டு வீடு இருந்துச்சாமே? எனக்குன்னு நீ கேக்கலையா?"

"கேக்கலக்கா."

அதன்பின் அக்கா தம்பி மனைவியோடு மட்டுமே பேசினாள்.

அக்காவுக்குச் சங்கத்திலிருந்து மூன்று கடிதங்கள் வந்தன. முதல் இரண்டும் பொறுக்கச் சொன்னவை. பணம் திரும்பி வரும், தங்களுக்கு வீடு ஒதுக்கப்பட்டதாக எங்கள் பதிவில் எதுவுமே இல்லை என்று சொன்ன கடைசிக் கடிதம் வந்தது மே 23 அன்று.